பதினைந்து கட்டத்திலும் போட்ட கையெழுத்து

பாண்டிச்செல்வி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவள் கொலுசுச் சத்தம் கேட்டு என் மகள் காளீஸ்வரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். காளிக்குப் பத்து வயது. கிணுகிணு, கிறீச் என்று எந்தச் சத்தமும் அவளுக்கு ஆகாது. வந்த பெண் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து கொலுசைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்படியில் இருந்து பார்த்தேன்.

அவளுக்கு ஊர் நாகலாபுரம். கோவில்பட்டிக் கல்லூரியில் சிறப்புக் குழந்தைகளுக்கு ஆசிரியராகும் படிப்பு. ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் பதினைந்து நாள் போய்ப் பாடம் சொல்லி, ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். அன்றன்றைக்குப் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டை ஏற்றுக்கொண்டால்தான் பரீட்சை எழுத விடுவார்கள்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. கையெழுத்து மட்டும் நன்றாக வரும். நான்காம் நாள் அவள் காளியோடு காலித் தீப்பெட்டிகளை அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். நோட்டு என் மடியில் இருந்தது. நான் கூலிக்குப் போகும் தீப்பெட்டி ஆபீஸில் சனிக்கிழமைதான் வாரம் முழுவதுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவோம். அந்தப் பழக்கத்தில், படிக்கிற பிள்ளைக்கு ஏன் தினமும் தொந்தரவு என்று, எங்கள் ஊர் அம்மன் செண்பகவல்லித் தாயை நினைத்துக்கொண்டு பதினைந்து கட்டத்திலும் போட்டுவிட்டேன். அவளும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பார்க்காமல் பைக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் வந்தவள் முகமே சரியில்லை.

"என்னக்கா செஞ்சு வச்சிருக்கீங்க? இன்னும் வராத நாளுக்கெல்லாம் கையெழுத்து கெடக்கு. நானே போட்டுக்கிட்டேன்னு காலேஜ்ல நோட்டப் பாத்த மேடம் சொல்லுதாங்க. ஒங்க வீட்டு வாசலையே மிதிக்கலையாம் நான்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கல்லூரிக்கு ஓடினேன்.

"எங்க ஆபீஸ்ல சேத்துத்தான் போடுவோம் மேடம்," என்றேன்.

"அங்க வேலை முடிஞ்ச பெறகுதான போடுதீங்க?"

புது நோட்டு வாங்கி, முதல் நாளில் இருந்து மறுபடியும் எழுத வேண்டுமாம். கடைசி நாள் மேடமே வந்து பார்ப்பாராம். தெர்மாகோலில் ஒரு மாடலும் செய்து வைக்க வேண்டுமாம்.

"தெர்மாகோல அறுத்தா இவ தெருவுக்கு ஓடிருவாக்கா. சொன்னா, சிலபஸ்ல இருக்குங்காங்க," என்று தலையில் அடித்துக்கொண்டாள் பாண்டிச்செல்வி.

காளிக்கு அதே பேர், அதே வயசு, அதே எடை. சிவப்பு மையில் ஓரக்கோடு போட்டு எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள். பார்க்கப் பார்க்க எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. தினமும் நோட்டை நீட்டும்போது கட்டத்தில் விரலை ஊன்றிக்கொள்வாள்.

"இது மட்டும். அடுத்த கட்டத்தப் பாக்கவே கூடாது, ஆமா."

பதினைந்தாம் நாள் அவளுக்கு முன்னாலேயே மேடம் வந்துவிட்டார். அவர் வளையல் குலுங்கியதும் காளி மூலைக்குப் போய்க் காதைப் பொத்தினாள். இந்தப் பிள்ளைக்கா பதினைந்து நாள் பாடம் நடந்தது என்பதுபோல மேடம் என்னைப் பார்த்தார். அம்மா தாயே, பாண்டிச்செல்வி பாடுபட்டதெல்லாம் மண்ணாகப் போகிறதே என்று செண்பகவல்லியை வேண்டிக்கொண்டேன்.

அப்போது பாண்டிச்செல்வி வந்து படியில் உட்கார்ந்தாள். காளி எழுந்து போனாள். பாண்டிச்செல்வியின் தோளில் இருந்த பையை இழுத்து, ஜிப்பைத் திறந்து, பை வாயை அகட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழற்றிய கொலுசு இரண்டும் உள்ளே விழுந்ததும் காளியே ஜிப்பை மூடினாள். பிறகு அவளாகவே தீப்பெட்டிகளை எடுத்துவந்து தரையில் அடுக்கினாள்.

"இது எத்தன நாளா?" என்றார் மேடம்.

"பழைய நோட்டுல இருந்தே மேடம்," என்றேன்.

மேடம் வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு நோட்டில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "தெர்மாகோல் எங்க?" என்றார். இல்லை என்றதும் ரெண்டு மார்க்கைக் குறைத்துவிட்டுத்தான் போனார்.

ரிசல்ட் வந்ததும் பாண்டிச்செல்வி கடலைமிட்டாயோடு வந்தாள். வெளியூர்ப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அன்று படியிறங்கும்போது, "இனியாவது கொலுசப் போட்டுக்கயேன்," என்றேன்.

"பஸ் ஸ்டாண்டுல போட்டுக்கிடுதேன்க்கா. பாஸானது நானு. அவ எதுக்குக் காதப் பொத்தணும்?"