சர்வர் ரூமில் ஸ்வெட்டர் போட்டவர்

ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் நான் செக்யூரிட்டி. அங்கே சர்வர் ரூமில் ஒருவர் இருந்தார். ஒல்லி. ஏசி குளிருக்கு எப்போதும் ஸ்வெட்டர். கையைப் பேண்டில் துடைத்துவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவார். யார் எந்த ஃபைலைத் திறக்கலாம் என்று மாற்றுகிற உரிமை அவர் ஒருவருக்குத்தான்.

ஒருநாள் அவர் எதையோ மாற்றப்போய் யாருக்குமே ஃபைல் திறக்கவில்லை. "ஆயித்தா குரு?" என்று, முடிந்ததா என்று கன்னடத்தில் கேட்டபடி, ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். சேலத்தில் அவர் சம்சாரத்துக்குப் பிரசவ வலி என்று வாசல் போனில் சேதி வந்தது. போய்ச் சொன்னேன்.

"எப்படிண்ணா போறது? இத நான்தான சரி பண்ணணும்."

"இன்னொருத்தருக்கும் அந்த உரிமையக் குடுத்து வெச்சிருக்கலாமே சார்."

"கேட்டாங்க. நான்தான் குடுக்கல. குடுத்தா, அப்புறம் நீ எதுக்குன்னு அனுப்பிடுவாங்க."

சாயங்காலம் மறுபடி போன். பெண் குழந்தை. சொன்னேன்.

"யார் ஜாடைண்ணா?"

"அதெல்லாம் கேக்கல சார்."

"அடுத்து போன் வந்தா கேட்டு வைங்க" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போன் வந்தபோது கேட்டேன்.