ஸ்டியரிங்கில் இன்னொரு கை

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். கண், காது, மூக்கு எதுவும் வைக்காமல் அப்படியே எழுதுகிறேன். அந்தக் கார் இப்போதும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் இனிமேல் வந்து ஒன்றும் பிரயோஜனமில்லை.

பல் செட் செய்வது என் தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் ப்ளாஸ்டர் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து, முழு செட்டாக்கித் திருப்பிக் கொடுப்பேன். மயிரிழை பிசகினாலும் தாடை வலிக்கிறது என்று ஆள் திரும்பி வந்துவிடுவார். என்னிடம் அப்படி வந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் காரில் உட்கார்ந்தால் மட்டும் என் நேர்த்தியெல்லாம் காற்றில் போய்விடும். எனக்குப் பேச ஆள் வேண்டும். பேசுகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசித்தான் பழக்கம். முகம் திரும்புகிற பக்கம் வண்டியும் போகும்.

என் மனைவியோ ஸ்கூல் பஸ் டிரைவர். நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, முட்டுச்சந்துக்குள் அவ்வளவு பெரிய பஸ்ஸை ரிவர்ஸில் எடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று காரை என்னிடம் விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்காருவாள். நான் பேசப் பேச வண்டி இடது பக்கம் ஒதுங்கும். அவள் கத்த மாட்டாள். பேச்சை நிறுத்தக்கூட மாட்டாள். வலது கையை நீட்டி, ஸ்டியரிங்கின் அடியில் இரண்டு விரலை வைத்து, மெதுவாக ஓர் இழுப்பு இழுப்பாள். வண்டி நேராகிவிடும். "பல்ல மட்டும் நேரா அடுக்கத் தெரியுது" என்பாள். அவ்வளவுதான்.

புதுக் காரை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். ஷோரூம் பையன் விளக்கினான். முன்கண்ணாடியில் ஒரு சின்ன கேமரா இருக்கிறதாம். அது ரோட்டின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வருமாம். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தொட்டால் 'பீப்' என்று சத்தம் வரும். ஸ்டியரிங் தானாகத் திரும்பி வண்டியைக் கோட்டுக்குள் கொண்டுவரும். கோடு இல்லாத தெருவில் வேலை செய்யாது. மெதுவாகப் போனாலும் செய்யாது. நாம் கையை எடுத்துவிட்டால் உடனே எச்சரிக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"அப்ப என் வேலைய இது பாத்துக்கும். நல்ல சக்களத்தியா புடிச்சுக் குடுத்திருக்கீங்க தம்பி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சக்களத்தி. நான் ஒதுங்கினால் யார் முதலில் இழுப்பது என்று இரண்டு பேருக்கும் போட்டி. பெரும்பாலும் என் மனைவிதான் ஜெயிப்பாள். சக்களத்தி தூங்கிவிட்டாள் என்று கேலி செய்வாள்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப் போனேன். அவள் கதவில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டியதில் வண்டி ஒதுங்கியது. அந்த நிலையிலும் அந்த இரண்டு விரல் வந்தது. நெருப்பாகக் கொதித்தது.

"மெதுவா போங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

அடுத்த வாரம் போய்விட்டாள்.

வெளியூரில் இருக்கும் என் மகள் வந்து கூடவே இருந்தாள். ஆஸ்பத்திரிக் காகிதங்கள், பள்ளிக்கூடம், பேங்க் என்று காரை எடுத்துக்கொண்டு அவள்தான் அலைந்தாள். எனக்கு எதுவும் ஓடவில்லை. போகும்போது, காரை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி கேட்டாள். நான் பிடி கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு முதல் தடவை காரை எடுத்த அன்றே அது நடந்தது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் பழக்க தோஷத்தில் அந்தப் பக்கம் பார்த்தேன். வண்டி ஒதுங்கியது. ஸ்டியரிங் என் கைக்குள் மெதுவாக நகர்ந்து, நேரானது.

எனக்கு வயிறு எரிந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அந்த இயந்திரத்தின் மேல் அப்படி ஒரு வெறுப்பு. கட்டினவள் போய்விட்டாள். அவள் கேலி செய்த சக்களத்தி நிலைத்துவிட்டாள். அவள் செய்த அதே வேலையை, அதே மாதிரி, ஒன்றுமே நடக்காதது போலச் செய்துகொண்டிருக்கிறாள். ஒரே ஒரு வித்தியாசம். 'பீப்' சத்தம் வரவில்லை. சக்களத்தியும் துக்கம் காக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, அந்தத் துக்கத்திலும் சிரித்தேன்.

சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது.

பல் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு குறுகிய தெரு. கோடு கிடையாது. ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கம் மூடி இல்லாத சாக்கடை. நான் கவனிக்கவில்லை. ஸ்டியரிங் இழுத்தது. கோடு இல்லாத தெருவில், மெதுவாகப் போகும்போது, வேலை செய்யாது என்று அந்தப் பையன் சொன்னானே... இந்தக் காலத்தில் எல்லாம் தானாகவே கற்றுக்கொள்கிறது என்கிறார்களே, அப்படி ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு நாள் பைபாஸில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். ரோடு முழுக்கக் கறுப்பு. ஒரு கோடுகூட இன்னும் போடவில்லை. அங்கேயும் இழுத்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

பிறகு பெல்ட் விவகாரம். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் 'டிங் டிங்' என்று அடிக்குமே, அந்த மணி. அச்சுப் பெட்டியை சீட்டில் வைத்ததால் அடிக்கிறது என்று நினைத்தேன். பெட்டியைப் பின்னால் வைத்தேன். அப்போதும் அடித்தது. சீட்டில் ஒரு காகிதம்கூட இல்லை. தொல்லை தாங்காமல் காலி சீட்டுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டினேன். நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அதைக் கழற்றவே இல்லை.

இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொன்னால் அப்பாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று உடனே ரயில் ஏறியிருப்பாள். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது. தினமும் அந்த இயந்திரத்தைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன்.

அந்த நாள் மழை நாள். லேபில் இடமில்லை என்று அலமாரியிலிருந்த பழைய ப்ளாஸ்டர் அச்சுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று கையில் வந்தது. முன்பல் இரண்டும் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. கடைவாயில் ஒரு பல் இல்லை. அடியில் பெயர் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஒரு பல்லை நான்தான் அவளுக்குச் செய்து கொடுத்தேன்.

என் மனைவியின் வாய். வெள்ளையாக, குளிர்ந்து, என் உள்ளங்கையில்.

அதற்கு மேல் வேலை ஓடவில்லை. மெழுகு அடுப்பை அணைத்தேன். லேபைப் பூட்டினேன். காரை எடுத்தேன். எங்கே என்று தெரியாது.

ஆறு நாற்பதுக்கு ஏரிக்கரை ரோட்டில் இருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. இருட்டிவிட்டது. மழை வலுத்திருந்தது. இடது பக்கம் தண்ணீர். ஓரிடத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

கையை எடுத்தேன்.

இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் போன இடத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை. சொல்ல வெட்கமும் இல்லை.

வண்டி மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது...

ஸ்டியரிங் திரும்பியது. நேரானது.

மறுபடி சாய்ந்தது. மறுபடி திரும்பியது.

கையை எடுத்தால் எச்சரிக்கை வர வேண்டும். வரவில்லை. யாரோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதாக வண்டி நினைப்பது போலிருந்தது.

தடுப்புச் சுவர் முடிந்தது. தண்ணீர் தெரிந்தது.

ஸ்டியரிங் அசையாமல் நின்றது. இறுக்கமாக. நேராக. ஏரி கடந்து போனது.

என் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து தானாக எழும்பிவிட்டது. வேகம் குறைந்தது.

டிக்... டிக்... டிக்...

இண்டிகேட்டர். இடது பக்கம். நான் தொடவில்லை.

வண்டி கோட்டைத் தாண்டி, மண் ஓரத்தில் இறங்கி, குலுக்கலில்லாமல் ஒரே சீராக ஒதுங்கியது. கதவைத் திறந்தால் பிள்ளைகள் பத்திரமாக இறங்கலாம். அப்படி ஓர் ஒதுங்கல். பிரேக்கை நான்தான் மிதித்திருக்க வேண்டும். நின்றது.

ஆறு ஐம்பத்திரண்டு.

ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மேலே சில்லென்று இருந்தது. அடிப்பக்கம் மட்டும்...

சூடாக இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. சாகக்கூட விடாத ஒரு இயந்திரம். ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"நீ யாரு என்னப் புடிச்சு இழுக்க? அவ கை வச்ச எடத்துல நீ கை வைக்காத. இனிமே என்னத் தொடாத. போ."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு...

'க்ளக்.'

பக்கத்து சீட்டு பெல்ட்.

'ஸ்ஸ்ஸ்...' என்று மெதுவாக மேலே போனது.

கூரை விளக்கு எரிந்தது. கதவு திறந்தால் எரியுமே, அந்த விளக்கு.

கதவு திறக்கவில்லை.

காலி சீட். விளக்கு. மழை.

விளக்கு அணைந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டி இரண்டு முறை ஒதுங்கியது. ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனான். ஸ்டியரிங் இழுக்கவில்லை. நானேதான் திருப்பினேன். குத்தியதில் எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

காலையில் மகளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. ரோட்டில் கொஞ்சம் தடுமாறியதையும், கோட்டைப் பார்த்து இழுக்கிற அந்தச் சமாசாரம்தான் காப்பாற்றியதையும், இப்போது அது கெட்டுப்போய்விட்டதால் வொர்க்ஷாப்பில் விடப்போவதையும் மட்டும் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை கூப்பிட்டேன்.

"அப்பா... அதை நான் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்."

எப்போது என்று கேட்டேன்.

"அம்மா போன மறுநாளே. ஆஸ்பத்திரிக்குப் பேப்பர் வாங்கப் போனப்ப ஸ்டியரிங் லேசா இழுத்துச்சு. அம்மா இழுக்கற மாதிரியே. என்னால தாங்க முடியலப்பா. ஓரமா நிறுத்தி அழுதுட்டு, மெனுவுல போயி ஆஃப் பண்ணிட்டேன். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

செருப்புகூடப் போடாமல் போய்க் காரில் உட்கார்ந்தேன். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அவள் போனில் சொல்லச் சொல்ல, திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கடைசியில் அந்த வரி வந்தது. அவள் சொன்னபடியேதான் இருந்தது. ஆஃப்.

ஏழெட்டு மாதமும் ஆஃப்.

அப்படியென்றால் சாக்கடை ஓரத்தில் இழுத்தது யார்? தார் ரோட்டில்? ஏரிக்கரையில்?

போ என்று நான் கத்தியது யாரை?

அந்தச் சுவிட்சை இன்றுவரை நான் ஆன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத ரோடாகப் பார்த்துப் போகிறேன். காலி சீட்டைப் பார்த்துப் பேசுகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன். வேண்டுமென்றே வண்டியைக் கோட்டின் மேல் விடுகிறேன். ஸ்டியரிங் அசைவதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் கேட்டதே இல்லை. அன்றைக்கு மட்டும் கேட்டுவிட்டாள்.