தொட்டதும் எடுத்த கை

குழந்தைகள் வார்டில் அவளை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டர்கூட அப்படித்தான். பிஞ்சுக் கையில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று மற்ற நர்ஸுகள் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கும்போது ஊசி அக்கா வருவாள், விரலால் ஒரு தடவு தடவுவாள், கண்மூடித் திறப்பதற்குள் மருந்து ஏற்றுகிற லைன் போட்டு முடித்திருப்பாள். மருந்து இறங்கத் தொடங்கிய பிறகுதான் குழந்தைக்கு அழ வேண்டும் என்றே தோன்றும். கைராசிக்காரி என்று பேர். அந்தப் பேரில் தனக்கு ஆசையில்லை என்று அவள் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அப்படிப்பட்டவளுக்கு இந்த வருஷம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளரில் தெரிந்தது. தூக்கம் போதவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு சட்டைப் பொத்தான் போடும்போது தெரிந்தது. வயசாகிறது என்று சொல்லிக்கொண்டாள். போன வாரம் ஒரு கைக்குழந்தைக்கு லைன் போடப் போனாள். குத்தினாள், கிடைக்கவில்லை. மறுபடி குத்தினாள், கிடைக்கவில்லை. மூன்றாவது தடவையும் தவறியபோது குழந்தையின் அம்மா இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பெரிய டாக்டர் வந்து போட்டார்.

யாரிடமாவது காட்ட வேண்டியதுதானே என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். காட்டினால் டாக்டர்கள் அதற்கு ஒரு பேர் வைப்பார்கள். பேர் வைத்துவிட்டால் ஊசியைப் பிடுங்கிவிட்டு, டோக்கன் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே செய்துவருகிற வேலை. அது போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று அவளுக்கு நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அதனால் கையைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டே வார்டில் நடமாடினாள்.

விடுமுறை நாளன்று அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு பெட்டி கிடைத்தது. அவள் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எதையாவது வாங்குவதில் சூரர், வாங்கியதைப் பிரிப்பதில் சோம்பேறி. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தானாகக் கத்துகிற கருவி செய்யப்போகிறேன் என்று தம்பட்டம் அடித்து இதை வாங்கினார். தொட்டி இன்றைக்கும் வழிந்துகொண்டுதான் இருக்கிறது. பெட்டிக்குள் ஓட்டைகள் நிறைந்த ஒரு பச்சை போர்டு, எறும்பு மாதிரி கால் முளைத்த சிப், வெறும் கம்பிக் கால்களோடு குட்டிக் குட்டிச் சாமான்கள், ஈயக் கம்பி, அதை உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன். எல்லாவற்றையும் நாமே பற்றவைத்தால் அது ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆகிவிடுமாம். கரண்ட் கொடுத்ததும் அதிலிருக்கும் பொட்டு விளக்கு கண்சிமிட்ட வேண்டும். மூடியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்துவிடலாம்.

அந்த வரியைப் படித்ததும் அவளுக்குள் என்னவோ விபரீதமாக ஒரு முடிவு வந்தது. இதை என் கை செய்துவிட்டால் நாளைக்கு வார்டில் ஊசியைத் தொடுவேன். செய்யவில்லையென்றால் நானே போய் ஜன்னல் வேலை கேட்டுக்கொள்வேன்.

சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்தாள். கதவைத் தாழிட்டாள், யாரோ பார்த்துவிடப்போவது போல. ஒவ்வொரு சாமானாக ஓட்டையில் நுழைத்து, போர்டைத் திருப்பி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கால்களில் ஈயம் வைத்தாள். அயர்ன் முனை காற்றில் ஆடியது. முனையில் ஈயத்தை உருக்கி எடுத்து, காலில் ஒரு ஒற்று ஒற்றிவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "இதோ முடிஞ்சுது, இதோ முடிஞ்சுது" என்று வாய் தானாக முணுமுணுத்தது. சிப்பின் கால்கள் வந்தபோது நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி போர்டின்மேல் விழுந்தது. ஒவ்வொரு காலிலும் ஒரு ஈய மணி உட்கார்ந்திருந்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. பரவாயில்லையே என்று நினைத்தாள்.

கரண்ட் கொடுத்தாள். விளக்கு எரியவில்லை. பிடுங்கி மறுபடி செருகினாள். எரியவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. பிள்ளைகள் செய்கிற வேலையைக்கூட இந்தக் கை செய்யவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டும்வரை.

"என்னம்மா, பட்டப்பகல்ல தாழ்ப்பாளா? கள்ள நோட்டு அடிக்கிறியா?" என்று உள்ளே வந்தவர் மேஜையைப் பார்த்து வாயைப் பிளந்தார். "அடப்பாவி, என் தொட்டிக் கருவி!"

"எரியலைங்க."

அவள் குரலைக் கேட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கடையில் மங்கலான பத்திரங்களைப் பார்க்கிற பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போர்டின் முதுகைப் பார்த்தார். எவ்வளவு நேரம்தான் பார்ப்பார் இந்த மனுஷன் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"எல்லாமே மேலாப்புல உக்காந்திருக்கு. கீழ ஒட்டவே இல்ல. எப்படி வச்சே? வச்சுக் காட்டு பாப்போம்."

ஒரு காலில் வைத்துக் காட்டினாள். ஒற்றினாள், இழுத்தாள், முணுமுணுத்தாள்.

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு, "ஏம்மா, அதுக்கு வலிக்காதும்மா" என்றார். "அயர்னைக் கால்மேல வச்சுட்டு அசையாம இருக்கணும். காலும் சுடணும், போர்டுல ஓட்டையைச் சுத்தி இருக்கிற வளையமும் சுடணும். அப்பத்தான் ஈயம் உள்ள இறங்கும். நீ தொட்டுட்டு ஓடுறே."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கைக்குழந்தைக்குக் குத்திய மூன்றாவது தடவை ஊசி நரம்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது, அது அவள் விரலுக்குத் தெரியும். குழந்தை வீறிட்டதும், கை ஆடுவதை அந்த அம்மா பார்த்துவிடப்போகிறாளே என்ற பயத்தில், ஊசிக் குழாயில் ரத்தம் தெரிவதற்கு முன்னாலேயே வெளியே எடுத்துவிட்டாள். முதல் இரண்டு தடவையும் அதே கதைதான்.

மறுபடி அயர்னை எடுத்தாள். முனையைக் காலோடு அழுத்தி வைத்தாள். கை நடுங்கியது, முனை நகரவில்லை. இழுத்துக்கொள் இழுத்துக்கொள் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஈயம் திடீரென்று இளகி, பளபளவென்று உள்ளே இறங்கியது. எல்லாக் கால்களையும் அப்படிச் சுட்டு முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. விளக்கு கண்சிமிட்டியது.

வீட்டுக்காரர் கைதட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார். அவள் கையைக் கவனித்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா. பயமா இருக்குங்க."

வாய் ஓயாத மனுஷன், கேலி பண்ணாமல் ஆறிப்போன சோற்றைத் தானே சூடுபண்ண எழுந்தார்.

மறுநாள் காலை வார்டுக்குள் நுழையும்போதே சின்ன நர்ஸ் ஓடிவந்தாள். போன வாரம் தவறிய அதே குழந்தைக்குப் பழைய லைன் போட்ட இடம் வீங்கிவிட்டது, புதிதாகப் போட வேண்டும். கட்டில் பக்கத்தில் பெரிய டாக்டர் நின்றிருந்தார். அம்மா இவளைப் பார்த்ததும் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஓடிவிடலாம் போலிருந்தது. ஜன்னல் வேலைகூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கிறேம்மா. கிடைக்கலைன்னா டாக்டரே போடுவாரு" என்றாள். அந்த அம்மா டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் குழந்தையின் கையை நீட்டினாள்.

குத்தினாள். குழந்தை வீறிட்டது. கை ஆடியது, அந்த அம்மாவுக்குத் தெரியும்படி ஆடியது. ஆடட்டும் என்று விரலைக் குழந்தையின் மணிக்கட்டில் ஊன்றிக்கொண்டு, வெளியே எடுக்காமல் ஊசியை நூலளவு முன்னால் நகர்த்தினாள். காத்திருந்தாள். ஊசியின் பின்பக்கக் குழாயில் சிவப்பாக ஒரு துளி எட்டிப்பார்த்தது. மருந்துக் குழாயைச் செருகி, பிளாஸ்திரி ஒட்டி, மருந்தைத் திறந்துவிட்டாள். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதானே, ஊசி அக்காவா கொக்கா?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார் டாக்டர். வாயை மூடிக்கொண்டிருந்தால் பேரும் மிஞ்சும், ஊசியும் மிஞ்சும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"டாக்டர்" என்று கூப்பிட்டாள். கோட்டுப் பைக்குள் போகப் பார்த்த கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பாருங்க. நிக்கவே மாட்டேங்குது."

டாக்டரின் சிரிப்பு மறைந்தது. இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவளுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.