கரீமின் அம்மாவுக்கு வைத்திருந்த அறை

ஊரில் அமைதிப்படை என்று இந்திய ஆமி வந்து நின்ற காலம் அது. இங்கே லண்டனில், பிரிட்டனும் ஈரானும் முறைத்துக்கொண்டு தூதரகங்களை மூடியிருந்தன. அந்தப் பெரிய சண்டையெல்லாம் எனக்கு விளங்கவில்லை. என் மனைவிக்கு நிறைமாதம், அதுதான் என் கவலை. செவன் கிங்ஸ் பகுதியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம்.

வீட்டுக்கார அண்ணை நம் ஆள். நல்ல மனிதர், பெரிய முருக பக்தர்.

"தம்பி, குறை நினைக்காதையும். வீட்டிலை சாமியறை இருக்கு. பிள்ளை பிறந்தா துடக்கு, சாமிக்குத் தீட்டு. உங்களை வைச்சிருக்க ஏலாது" என்றார்.

என்னோடு பேக்கரியில் வேலை செய்த ஈரான்காரன் கரீமிடம், தெரிந்த அரை இங்கிலீஷில் சொல்லி அழுதேன்.

"அம்மாவுக்கெண்டு ஒரு அறை ஒழுங்காக்கி வைச்சனான். இப்ப அவவுக்கு விசா குடுக்க ஆளில்லை. நீங்கள் வாங்கோ" என்றான்.

எனக்கு மனம் கேட்கவில்லை. "பிள்ளை பிறந்தா வீடு தீட்டுப் பட்டிடும், கரீம். நீ தொழுகிற ஆளெல்லே?"

அவன் சிரித்தான். "தொழுறபடியாத்தான் கூப்பிடுறன்."

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அறைக்குத்தான் வந்தாள். பிறகு நாடுகள் சமாதானமாகி, கரீமின் அம்மாவும் வந்து சேர்ந்தார். நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டு நின்றோம். அவர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எங்களை அங்கேயே இருக்கச் சொன்னார். கரீமின் அறையைத் தான் எடுத்துக்கொண்டார். கரீமுக்கு சோபா.

ரிவியில் இப்போதும் ஈரானோடு சண்டை என்று செய்தி வருகிறது. அந்தச் செய்தி வரும்போது, உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறையைப் பற்றியும் ஒருக்கா சொல்லிவிடுங்கள்.