ஊக்குப் போட்ட செருப்பு

ஒன்றாம் வகுப்பு எடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். பள்ளி திறக்கிற அன்று காலையில் வந்து என் வகுப்பு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்புறம் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன். ஒரு பிள்ளை ஆரம்பித்து வைத்தால் போதும், வகுப்பே ஒப்பாரி வைக்கும். எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அத்தனை பேரையும் சிரிக்க வைத்துவிடுவேன். இது தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் நாளன்று நான் வகுப்புக் கதவைச் சாத்த மாட்டேன். பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவை அடைத்தால் அவர்கள் அழாமல் என்ன செய்வார்கள்? ஹெச்.எம். அம்மாவுக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஏதாவது ஒன்று ரோட்டுக்கு ஓடிவிட்டால் யார் பதில் சொல்வது என்பார். நான் சொல்கிறேன் என்பேன். ஆனால் ஒன்று, செருப்பு மட்டும் படியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. புத்தகம் இருக்கிற இடத்தில் செருப்பைக் கண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என்னை வளர்த்தது அப்படி.

எங்கள் பள்ளி கோயம்புத்தூருக்கு வெளியே, பஞ்சு மில்லின் சங்கு காதில் விழுகிற தூரத்தில் இருக்கிறது. இந்த வருடம் பள்ளி திறந்தபோது முன்னால் இருக்கும் ரோட்டைக் கொத்திப் போட்டு ஜல்லி கொட்டியிருந்தார்கள். அதன் மேல் தட்டுத் தடுமாறி ஓர் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பவானிப் பக்கத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள். கணவர் லாரி ஓட்டுகிறார், வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இங்கே வேறு ஆளில்லை.

“ஏனுங்க டீச்சர், மில்லுல இன்னைக்குத்தானுங்க மொத நாள். வேன் வந்துரும். இவ இருந்துக்குவாளாங்க? இவ இருக்கலைன்னா அந்த வேலைய விட்டுப்போட வேண்டியதுதானுங்க.”

“அதெல்லாம் இருந்துக்குவா. வேலைக்குப் போறேன்னு அவகிட்டச் சொல்லிட்டுப் போங்க. சொல்லாமப் போகாதீங்க,” என்றேன். பிள்ளையை ஏமாற்றிவிட்டு நழுவுகிற பெற்றோரைக் கண்டால் எனக்கு ஆகாது.

அவர் தலையை ஆட்டினார். அதற்குள் ஒரு பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கத்த ஆரம்பித்தான். அவனைச் சமாதானம் செய்து உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால் அந்த அம்மாவைக் காணோம். மகள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா எங்கே கண்ணு?”

“வெளியிலதானுங்க இருக்காங்க. செருப்பு இருக்குது பாருங்க.”

வாசலில் கிடந்த குட்டிச் செருப்புகளுக்கு நடுவே பெரிய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. ஒன்றில் வார் பிய்ந்து, ஊக்குப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. மகளை நம்ப வைப்பதற்காகச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வேனுக்கு ஓடியிருக்கிறார்! சாயங்காலம் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

கரும்பலகையில் யானை வரைந்தேன். அதற்கு வால் போடாமல் விட்டேன். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட வால் இல்லை, வால் இல்லை என்று கத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்கள். அவள் மட்டும் வரவில்லை. யானையை ஒரு பார்வை, வாசலை ஒரு பார்வை. அழுகிற பிள்ளையை நான் எப்படியும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன். அழாத பிள்ளையிடம்தான் எனக்குப் பயம்.

இன்டர்வெல் மணி அடித்ததும் எல்லோரோடும் அவளும் வெளியே போனாள். கட்டடத்தைச் சுற்றி ஓடி வந்தாள். வாசலுக்கு வந்து, அந்தப் பெரிய செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். வராண்டாவில் நின்ற ஹெச்.எம். அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கேட்டருகே பிடித்துவிட்டேன். “எங்க கெளம்பிட்டே அம்மணி? ஊட்டுக்கா?”

“இல்லைங்க. அம்மா செருப்பில்லாமயே போயிட்டாங்க. ரோட்டுல ஜல்லி கெடக்குதுங்க, கால்ல குத்துமுங்க. இதைக் குடுத்துப்போட்டு வந்துர்றேனுங்க டீச்சர்.”

தன்னை விட்டுவிட்டுப் போன அம்மாவைத் தேடி அழப்போகிறாள் என்று நான் காத்திருக்க, அவளுக்கு அம்மாவின் கால்தான் கவலை. குந்தி உட்கார்ந்து அவளிடம் உள்ளதைச் சொன்னேன்.

“அம்மா மில்லுக்கு வேலைக்குப் போயிருக்காங்க. வேன்லதான் போனாங்க. சாயங்காலம் சங்கு ஊதும், அப்புறம் இங்க வந்துருவாங்க. அப்பக் குடுக்கலாம்.”

“அதுவரைக்கும் இதை வேற யாராச்சும் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னா? உள்ள வெச்சுக்கட்டுங்களா?”

ஹெச்.எம். அம்மா இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேறு எந்தப் பிள்ளை கேட்டிருந்தாலும் கண்ணை உருட்டியிருப்பேன். “வெச்சுக்கோ,” என்றேன். பெஞ்சுக்கு அடியில், தன் காலுக்குப் பக்கத்தில் அதை ஜோடியாக வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் வாசலைப் பார்க்கவே இல்லை. யானைக்கு வால் போட்டதே அவள்தான். மதியம் சாம்பார் சாதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சங்கு ஊதி வெகுநேரம் கழித்து அந்த அம்மா வந்தார். ஜல்லியில் ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைத்து, முகமெல்லாம் பயமாக வந்தார். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாலு கேள்வியும் என் வாயில் தயாராக இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் செருப்புகளைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தாள்.

“போட்டுக்கம்மா.”

“கண்ணு, அழுதியா சாமி?”

“இல்லை. நாளைக்குப் போட்டுட்டே போம்மா. வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போ. நான் இருந்துக்கறேன்.”

அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். முதல் நாளில் அழுகிறவர்களைச் சமாளிப்பது எனக்குப் பழக்கம்தான். என் கேள்விகளை விழுங்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

மறுநாள் காலை வாசலில் குட்டிச் செருப்புகள் மட்டுமே கிடந்தன. “மில்லுக்குப் போயிட்டு வாரேன் கண்ணு,” என்று வெளியிலிருந்து சத்தமாகக் குரல் கேட்டது. சிலேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

“சரிம்மா. ஜல்லி இருக்குது, பாத்துப் போ.”