ஆவி புகுந்த இடியாப்பப் பெட்டி

இடியாப்பம், தேங்காய்ப்பூ, நாட்டுச் சர்க்கரை மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நான் வடிவமைத்த பெட்டியை நம்பி, மலேசியாவின் ஈப்போ நகரச் சந்தையில் கடை போடும் செல்வி அக்கா அன்றைய வியாபாரம் முழுவதையும் அந்தப் பெட்டிகளிலேயே அடைத்துவிட்டார். சூடாகவே மூடச் சொன்னது நான்தான். கடை திறந்ததும் பிரித்துப் பார்த்தால், ஆவி நீராகி, சர்க்கரை பாகாகி, தடுப்பைத் தாண்டி வழிந்திருந்தது. எல்லாப் பெட்டியிலும்! அக்கா துணியை எடுத்து வழிந்த பாகைத் துடைக்கத் தொடங்கினார். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வாங்க வந்தவர்களில் முதலில் நின்ற, பக்கத்துச் சாப்பாட்டுக்கடை அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி முழிக்கிற? எப்படியும் கலந்துதான் சாப்பிடுவோம்லா!" என்று நின்றபடியே பிசைந்து தின்றார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடை கட்டும்போதுதான் அக்கா வாய் திறந்தார்: "நாளைக்கு மூடியைச் சரிபண்ணிட்டு வா."

திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். அந்த 'நாளைக்கு'தான் மறக்கவில்லை.