கன்னியம்மாளின் கடைசி எண்பது மீட்டர்

விடிந்தும் விடியாத நேரத்தில் வெளியூர்ப் பேருந்துகள் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு வரும்போது, ஆண் சட்டையும் பேண்ட்டுமாகச் சாலையோரம் ஓடும் ஒரு பெண்ணைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் பதறிப்போவார்கள். வீட்டில் யாருக்கோ முடியாமல் போய்விட்டது, பாவம் ஓடுகிறாள் என்று நினைப்பு. ஒருமுறை ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவளையும் ஏறிக்கொள்ளச் சொன்னார். கன்னியம்மாள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலை. கதிர்காமத்து வீட்டிலிருந்து தினமும் ஓடியே வந்து, சேலைக்கு மாறி, பிறகு நாள் முழுவதும் மற்றவர்களைத் தள்ளிக்கொண்டிருப்பாள். உப்பளம் மைதானத்தில் வருடத்துக்கு ஒருமுறை முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஐயாயிரம் மீட்டர் ஓட்டம் நடக்கும். முதல் இரண்டு பேர் வெளிமாநிலப் போட்டிக்குப் போகலாம். மூன்று வருடமாகக் கன்னியம்மாள் மூன்றாவது. முதல் அடியிலிருந்தே முன்னால் ஓடுவாள். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் அவளைக் கடந்து போய்விடுவார்கள். அதில் ஒருத்தி எப்போதும் வில்லியனூர் செல்வாம்பாள் டீச்சர். இந்த வருடம், 2007இல், வெளிமாநிலப் போட்டி பெங்களூரில். விழுப்புரத்துக்கு மேற்கே கன்னியம்மாள் போனதே இல்லை. எப்படியாவது போய்விட வேண்டும் என்று ஆசை நெஞ்சு முட்ட இருந்தது.

பொங்கலுக்கு நாத்தனார் வசந்தா பிரான்சிலிருந்து வந்தாள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். சோப்பும் சாக்லேட்டும் எடுத்து வைத்தபின், பெட்டியின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு டப்பா வந்தது.

“இது கிரியாட்டின், கன்னிமா. எம் மவன் அபி இதக் குடிச்சிட்டுதான் இரும்பு தூக்குறான். மொத அஞ்சு நாளு நாலு வேள. அப்பறம் ஒரு வேள போதும்.”

இரும்பு தூக்குவதற்கும் ஓடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. பிரான்சு சாமான் என்றால் அங்கே எல்லாவற்றுக்கும் ஆகும். போன தடவை வந்த மூக்கடைப்புத் தைலத்தை முட்டி வலிக்கும் தடவினார்கள், தேள்கடிக்கும் தடவினார்கள். கன்னியம்மாள் தூளைக் கேழ்வரகுக் கூழில் கரைத்து, பிரசாதம் மாதிரி ஒரு வேளை தவறாமல் குடித்தாள். அவள் புருஷன் பலராமன், மில் மூடியபின் ஆட்டோ ஓட்டுகிறவன், ஒரு ஸ்பூன் ருசி பார்த்தான். அடுத்த ஸ்பூனைத் தன் ஆட்டோ டேங்கில் போட்டுப் பார்க்கப் போவதாகவும், அதுதான் லாஸ்பேட்டை மேடு ஏற மாட்டேன் என்கிறது என்றும் சொன்னான்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரிச் சரிவில் ஸ்ட்ரெச்சர் பூப்போல ஏறியது. கன்னியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஓடிப் பார்த்தபோது, எட்டாவது சுற்றிலேயே கால்கள் நனைந்த மெத்தை போலக் கனத்தன. வழக்கத்தைவிட அரை நிமிடம் கூடுதல். மறுநாள் வார்டு எடைமேடையில் ஏறி நின்றாள். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. சாப்பாடு என்னவோ அதே சாப்பாடுதான். உப்பளம் போட்டிக்கு ஆறு நாள்தான் இருந்தது.

உணவு ஆலோசகர் ஹேமலதாவிடம் போய் நின்றாள். டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஹேமலதா நிதானமாக விளக்கினார். தசைக்குள்ளே அவசரத்துக்கென்று கொஞ்சம் சக்தி சேர்ந்திருக்கும். முழு வேகத்தில் ஓடினால் பத்து விநாடிக்குள் அது தீர்ந்துபோகும். இந்தத் தூள் அந்த இருப்பைக் கூட்டும். கூடவே தண்ணீரையும் தசைக்குள் பிடித்து வைக்கும். பன்னிரண்டரைச் சுற்றுக்கு உதவுவது மூச்சும், தின்ற சோறும்தான். ஒன்றரை லிட்டர் பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுகிற கதை இது என்றார்.

“நிறுத்திட்டா எறங்கிடுமா மேடம்?”

“எறங்கும். மூணு நாலு வாரம் ஆவும்.”

“வர்ற ஞாயித்துக்கெழம போட்டி மேடம்.”

ஹேமலதா டப்பாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு, ஒவ்வொரு வருடமும் எங்கே தோற்கிறாய் என்று கேட்டார். கன்னியம்மாள் சொன்னாள்.

“அப்ப இந்த வருஷம் நீ முன்னாடி போவாத. அந்த டீச்சர் முதுகப் பாத்துக்கினே ஓடு. கடைசில ஒரு எண்பது மீட்டர் இருக்கும்போது விடு. ஒங்கிட்ட இருக்கற சரக்கு அதுக்குத்தான் ஆவும். ஆனா எல்லாருக்கும் இது வேல செய்யும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்.”

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. ஆனால் வரிசையில் ஒருத்தர் பின்னால் நிற்கக்கூடப் பொறுக்காத பொம்பளை அவள். ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு சுற்றும் செல்வாம்பாள் டீச்சரின் நனைந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடுவது, ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வேலிக்கு வெளியே பலராமன், இன்னா ஆச்சி ஒனக்கு, முன்னாடி போடி என்று தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்தில் நின்றவர்கள், வயசாயிடுச்சு பாவம் என்றார்கள். கன்னியம்மாளுக்குக் காதெல்லாம் சுட்டது. தொடை கனத்தது. தாண்டிவிடலாமா என்று ஐந்து தடவை நினைத்து, ஐந்து தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கினாள்.

ஒரு போலீஸ்காரப் பெண் எப்போதோ முன்னால் போய்விட்டிருந்தாள். மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். கடைசி வளைவு முடிந்ததும் கன்னியம்மாள் விட்டாள். முதல் நாலைந்து எட்டில் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் சரிவில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது தொடைக்குள் எழுந்த அந்த உந்தல் வந்தது. டீச்சரின் முதுகு தோளாகி, தோள் காதாகி, கோட்டைத் தொடும்போது கண்ணில் யாருமே இல்லை.

இரண்டு பேரும் புல்லில் விழுந்து கிடந்தார்கள்.

“இத்தன வருஷம் இந்த ஓட்டத்த எங்கம்மா ஒளிச்சி வச்சிருந்த?” என்றாள் செல்வாம்பாள்.

கன்னியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். பெயர் எழுத வந்தவர், நான்கு நாள் விடுப்பு எடுக்க வேண்டும், பெங்களூரில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலி தாண்டி ஓடிவந்த பலராமனும் கன்னியம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் ஸ்வெட்டர் என்று ஒன்று இருந்ததே இல்லை.

“எங்கிட்ட ஒண்ணு கீது. போன வருஷம் ஊட்டிக்குப் போனப்ப வாங்கினது. சாயங்காலம் வந்து வாங்கினு போ,” என்றாள் செல்வாம்பாள், கண்ணைத் திறக்காமலே. “ஆனா துவைச்சிக் குடுக்கணும்.”